பிழை தேடிய கோடை

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குத் தடை செய்திருக்கிறது. இந்தத் தடையை முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். அத்தகைய நான், 2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், குறை தேடுவதையே தொழிலாகக் கொண்டு ஐந்து வார காலம் சம்பளம் பெற்றேன். அதுவும் எங்கே? பெங்களூரில், வீடியோ விளையாட்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில்!

வாசகர்கள் புன்முறுவல் செய்வது எனக்குத் தெரிகிறது. என் மனைவியும் அப்படித்தான் சிரித்தாள். "தாடி நரைத்த பிறகா விளையாடப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரோ சிரிக்கவும் இல்லை. "ஓதிக் கொடுக்கும் ஆளுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

நான் போனதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. என்னை அழைத்தவர் என் பழைய மாணவர். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சொல்லும் பேசாதிருந்தவர், ஒருநாள் இஷா தொழுகைக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், ஒரு விளையாட்டுக்கு அரபு மொழியில் எழுத்துகள் போட்டிருக்கிறார்கள். திரையில் அவை சரியாக வருகின்றனவா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்களைப்போல் பிழை கண்டுபிடிப்பவரை நான் பார்த்ததில்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் புகழ்ச்சியா, பழைய புண்ணின் வலியா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் புண் எது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்த விளையாட்டின் பெயரை இங்கே எழுத முடியாது. வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தும் ஓர் அமானத்துதான். கதை மட்டும் இவ்வளவு: பாலைவனத்து நகரம் ஒன்று, அங்கே கடைவீதி, கோட்டை, அரண்மனை, ஒரு வீரன் இவற்றினூடே நடந்து, காசு சேர்த்து, கதவுகளைத் திறந்து, இறுதியில் அரசனைச் சந்திக்கிறான்.

விளையாடுவதற்கா சம்பளம் என்று வெளியில் இருப்போர் நினைக்கின்றனர். முதல் நாளிலேயே என் நினைப்பு மாறிற்று. பக்கத்து நாற்காலியில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் எட்டு நாட்களாக ஒரே கடைவீதியில் நடந்துகொண்டிருந்தான். வீரனை ஒவ்வொரு சுவரோடும் உரசி நடக்க வைத்தான்; ஒவ்வொரு மூலையிலும் குதிக்க வைத்தான். எங்கேனும் ஒரு சுவரில் ஓட்டை இருந்தால் வீரன் அதன் வழியே உலகத்துக்கு வெளியே விழுந்துவிடுவானாம்! இன்னொரு பெண், கதவு திறந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடியில் கைக்கருவியின் இணைப்பைப் பிடுங்குவாள், மறுபடி பொருத்துவாள். இணைப்பு அறுந்தால் ஆட்டம் தானாக நின்று, ஆடுபவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது இக்கருவிகளை விற்கும் நிறுவனங்கள் விதித்திருக்கும் விதிகளுள் ஒன்று. இரவு முழுவதும் ஆட்டத்தை ஓடவிட்டு, காலையில் வந்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆடுபவன் வழியைத் தேடுகிறான். சோதிப்பவனோ வழி கெடும் இடத்தைத் தேடுகிறான். முன்னதில் இன்பமுண்டு. பின்னதில் பொறுமை ஒன்றே உண்டு.

என் வேலை எழுத்துகளைப் பார்ப்பது. மொழிபெயர்ப்பு வேறு நாட்டில் வேறொருவரால் செய்யப்பட்டிருந்தது. தாளில் படித்தபோது அது நல்ல அரபு. திரையில் பார்த்தபோது என் நெஞ்சு பதறிற்று. அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்பவை, ஒன்றோடொன்று கைகோர்ப்பவை என்பதைக் குர்ஆன் ஓதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். ஓரெழுத்துச் சொல்லின் முதலில் ஒரு வடிவும், நடுவில் ஒரு வடிவும், கடையில் ஒரு வடிவும், தனித்து நின்றால் ஒரு வடிவும் கொள்ளும். அலிஃப், தால், ஃதால், ரே, ஸே, வாவ் ஆகிய ஆறு மட்டுமே தமக்குப் பின்வரும் எழுத்தோடு சேராதவை. அந்தத் திரையிலோ எல்லா எழுத்துகளும் தனித்தனியே சிதறி, இடமிருந்து வலமாகத் தலைகீழாக நின்றன. அரசனின் சிம்மாசனத்துக்கு மேலே "மலிக்" என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து, மீம், லாம், காஃப் என்பது மாறி, காஃப், லாம், மீம் என நின்றது. "அரசன்" என்ற சொல் "பேசினான்" என்று படிக்கும்படி ஆயிற்று. வாசலின் மேல் எழுதியிருந்த "பாப்" மட்டும் தப்பிற்று. அதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் பே, அலிஃப், பேதானே! ஆனால் அதிலும் முதல் எழுத்தின் கை வெட்டுண்டு கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அறிக்கை எழுதும் படிவத்தைக் கொடுத்திருந்தார்கள். அதில் இவ்வாறு எழுதினேன்: "அரபு எழுத்து அலங்கோலமாக உள்ளது. இதனைச் செய்தவர் அலிஃப் பே கூட அறியாதவர்."

அரைமணி நேரத்தில் அறிக்கை திரும்பி வந்தது. குழுவின் தலைவி ஒரு கன்னடப் பெண்மணி. என் மகள் வயதிருக்கும். தமிழ் நன்றாகப் பேசுவார். அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மரியாதையோடு சொன்னார்:

"சார், எந்த இடத்தில் பார்த்தீர்கள்? அங்கே எப்படிப் போனீர்கள்? பத்து முறை போனால் பத்து முறையும் இப்படி வருகிறதா? எப்படி வந்திருக்க வேண்டும்? இந்த நான்கும் இருந்தால்தான் சரிசெய்கிறவருக்குப் பயன்படும். அலிஃப் பே அறியாதவர் யார் என்று எழுத இந்தப் படிவத்தில் இடமே இல்லை."

படிவத்தை மறுபடி பார்த்தேன். உண்மைதான். பிழை எங்கே, அங்கே செல்லும் வழி என்ன, கண்டது என்ன, காண வேண்டியது என்ன, எத்தனை முறைக்கு எத்தனை முறை, எவ்வளவு கடுமையானது என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. யார் திருத்த வேண்டும் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. யார் கெடுத்தார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

பின்னர் விசாரித்ததில், எழுத்துகளைக் கெடுத்தவர் எவருமே இல்லை என்று தெரிந்தது. அரபு எழுத்துகளை வலமிருந்து அடுக்கி ஒன்றோடொன்று இணைக்கும் நிரற்பகுதி அந்த விளையாட்டில் சேர்க்கப்படவே இல்லை. ஆங்கிலத்துக்கு அது தேவைப்படவில்லையாதலால் எவருக்கும் நினைவு வரவில்லை. அரபு படிக்கத் தெரியாத கண்ணுக்குச் சிதறிய எழுத்தும் சேர்ந்த எழுத்தும் ஒன்றுபோலவே அழகாகத் தோன்றும். அலிஃப் பே அறியாதவர் என்று நான் ஏசியது, இல்லாத ஒருவரை!

அன்றிரவு ஃபிரேசர் டவுனில் என் மாணவரின் வீட்டு மாடியில் படுத்திருந்தபோது, நான் ஓதிய காலத்தில் உஸ்தாத் சொன்ன ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. முற்காலத்து ஹதீஸ் அறிஞர்கள் ஒரு பிரதியை எழுதி முடித்ததும் அதனை மூலத்தோடு ஒப்பு நோக்குவார்கள். முகாபலா என்பது அதன் பெயர். ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வட்டம் இடுவார்கள். ஒப்பு நோக்கியதும் அந்த வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி இல்லாத வட்டம் இன்னும் சோதிக்கப்படாதது. ஹிஜ்ரி 463இல் மறைந்த அல்கத்தீபுல் பக்தாதி போன்ற பெரியோர் இம்முறையை வற்புறுத்தியிருக்கின்றனர். பெங்களூரில் அந்தப் பிள்ளைகள் கணினியில் ஒவ்வொரு வரிசைக்கு எதிரிலும் இடுகின்ற அடையாளம் வேறென்ன? வட்டமும் புள்ளியுமே அன்றோ!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அறிவிப்பாளர்களின் குறைகளை வெளிப்படையாகச் சொல்வது புறம் பேசுதலாகாதா என்ற கேள்வி பழையது. ஆகாது என்றே இமாம்கள் விடை தந்தனர். இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதலுக்கு விலக்கான ஆறு நிலைகளை எண்ணும்போது, மக்களைத் தீங்கிலிருந்து காக்கும் பொருட்டு அறிவிப்பாளரின் குறையைச் சொல்வதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, துருவுதல் எல்லாம் ஒன்றன்று. ஒருவரைத் தாழ்த்துவதற்காகத் துருவுவது ஒன்று. ஒரு பொருளைக் காப்பதற்காகத் துருவுவது மற்றொன்று. நான் இவ்வளவு காலம் எதைச் செய்து வந்தேன்? தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு சோதனை வந்தது. கடைவீதியில் ஒரு வணிகர் வீடு. உள்ளே தரையில் விரிப்பு. வீரன் காலணியோடு அதன்மேல் நடக்கிறான். விரிப்பின் ஓரத்துப் பூவேலையை உற்றுப் பார்த்தேன். அது பூவேலையன்று, எழுத்து. ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் புகைப்படத்திலிருந்து அழகுக்காக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்தது.

கை நடுங்கிற்று. கற்றதெல்லாம் மறந்து இரண்டு பக்கம் எழுதினேன். அது அறிக்கையன்று, வெள்ளிக்கிழமை குத்பா. மறுநாள் அது திரும்பி வந்தது. "வடிவமைத்தபடியே உள்ளது, பிழையன்று" என்று குறித்து மூடிவிட்டிருந்தார்கள். கடல் கடந்து எங்கோ அமர்ந்திருந்த ஒருவர், என் இரண்டு பக்கத்தில் விரிப்பு எங்கே இருக்கிறது என்ற செய்தியையே காணாமல் அப்படி எழுதிவிட்டார் போலும். ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று மாணவரிடம் சொன்னேன்.

அவர் என்னைத் தடுக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஹஜ்ரத், போவதற்கு முன் இதை ஒருமுறை சேர்ந்து எழுதிவிடுவோம்" என்றார். பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றையும் எடுத்துச் சொன்னார். அவை எல்லாரும் அறிய நடந்தவை. நம் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது.

2002ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கென 'ககுத்தோ சோஜின்' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதன் பின்னணி ஒலியில் குர்ஆன் ஓதல் கலந்திருந்தது. நிறுவனத்தில் பணிபுரிந்த முஸ்லிம் ஒருவர் அதனை முன்னரே கண்டு எச்சரித்திருந்தார். யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் ஆட்டம் விற்பனைக்குச் சென்றது. சவூதி அரேபிய அரசு முறையிட்ட பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

2008ஆம் ஆண்டு அக்டோபரில் சோனி நிறுவனத்தின் 'லிட்டில் பிக் பிளானட்' வெளிவர இருந்தது. அதன் பாடல் ஒன்றில் குர்ஆனின் சொற்றொடர்கள் இருப்பதைக் கேட்டறிந்த ஒருவர் பணிவான ஒரு கடிதம் எழுதினார். நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்து, அனுப்பிய தட்டுகளைத் திரும்பப் பெற்று, மாற்றி வெளியிட்டது. பாடலை இசைத்தவர் மாலி நாட்டு முஸ்லிம் கலைஞரான தூமானி ஜபாத்தே. அங்கே அவமதிக்கும் நோக்கம் எவருக்கும் இல்லை. 2009இல் வெளியான 'மாடர்ன் வார்ஃபேர் 2' என்ற விளையாட்டில், குளியலறைச் சுவரில் மாட்டிய ஓவியத்தின் சட்டத்தில் ஒரு ஹதீஸ் எழுதப்பட்டிருந்தது. அது வெளிச்சத்துக்கு வந்தது 2012இல்தான். அந்தப் பகுதியையே அப்போது தற்காலிகமாக நீக்கித் திருத்தினார்கள். 2021இல் மற்றொரு போர் விளையாட்டில் தரையில் குர்ஆன் பக்கங்கள் சிதறிக் கிடப்பதாகக் காட்டப்பட்டு, வெளியிட்ட நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

"பாருங்கள் ஹஜ்ரத், இவற்றில் பெரும்பாலானவை அறியாமையால் வந்தவை. அறிந்தவர் ஒருவர் முன்கூட்டியே, விளங்கும்படி சொல்லியிருந்தால், சொன்னதைக் கேட்டிருந்தால், ஒன்றும் நேர்ந்திருக்காது" என்றார் அவர்.

இருவரும் சேர்ந்து ஏழு வரிகள் எழுதினோம். எந்த வீதி, எத்தனையாவது வீடு, விரிப்பின் எந்த ஓரம், அதில் எழுதியிருப்பதன் பொருள் என்ன, அதன்மேல் நடப்பதை ஒரு முஸ்லிம் எவ்வாறு உணர்வான், முன்பு இத்தகையவற்றால் நேர்ந்தது என்ன, இதற்கு மாற்றாக எழுத்தில்லாத பூவேலை இட்டால் போதும் என்பவை மட்டும். படமும் இணைத்தோம். ஏச்சு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் விரிப்பு மாறியிருந்தது. வடிவமைத்தவரே இரண்டு வரி எழுதியிருந்தார்: தமக்கு அது எழுத்தென்றே தெரியாதென்றும், சொன்னதற்கு நன்றியென்றும்.

நான் மகிழ்ந்து, வேலை முடிந்தது என்றிருந்தேன். மாணவர் முடியவில்லை என்றார். ஒரு பிழை திருந்தினால் அதன் அண்டை அயலையும் தட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒரே படத்தை விளையாட்டில் பல இடங்களில் ஒட்டியிருப்பார்கள் என்பது அவர் அறிந்தது. நள்ளிரவு வரை தேடி, அதே எழுத்தைக் குதிரையின் சேணத்தில் ஒன்றும், வண்டியின் மிதிபலகையில் ஒன்றுமாகக் கண்டுபிடித்தார். என் குத்பா அவற்றைக் கண்டிருக்குமா?

அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளும் இத்தொழிலுக்குப் போகிறார்கள்; இனியும் போவார்கள். கணினித் துறை என்றதும் பெரிய சம்பளம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கின்றனர். சோதிப்போர் அத்துறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள். நான் கண்டவர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஆட்டம் வெளியானதும் அவர்கள் வேலையும் முடிந்துவிடும். வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்தார்கள். அமெரிக்காவிலும் நிலைமை வேறன்று. விஸ்கான்சின் மாநிலத்தில் ரேவன் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தில் 2021 டிசம்பரில் சோதனையாளர் 12 பேரின் வேலை முடிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உடன் பணிபுரிந்தோர் 60க்கும் மேற்பட்டவர் வேலையை நிறுத்தி வெளியேறினர். 2022 மே மாதத்தில் அங்குள்ள சோதனையாளர் 19க்கு 3 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் கண்டனர்.

ஆட்டம் நன்றாக அமைந்தால் சோதித்தவனை எவரும் நினைப்பதில்லை. கெட்டுப்போனால் அவனையே முதலில் கேட்கின்றனர். 2020 டிசம்பரில் போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'சைபர்பங்க் 2077' பிழைகள் மலிந்திருந்தமையால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவர் மன்னிப்புக் கேட்டபோது, அப்பிழைகளில் பெரும்பகுதி சோதனையில் தெரியவரவில்லை என்றார். அங்கே பணிபுரிந்தோர் சிலர் அதனை மறுத்ததாகப் பின்னர்ச் செய்தி வந்தது. கண்டு சொன்னதும் கேளாமல் விட்டதும் வேறு வேறு என்பதை மக்கள் அறிய வழியில்லாமல் போகிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

விளையாட்டில் வீரன் காசு சேர்க்கிறான் என்றேன் அல்லவா? எத்தனை திர்ஹம் கிடைத்தது என்று திரை சொல்லும். ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என இரண்டு வடிவம் போதும். அரபு மொழியிலோ ஒன்று என்றால் திர்ஹம், இரண்டு என்றால் இருமை வடிவில் திர்ஹமானி, மூன்று முதல் பத்து வரை பன்மையாகிய தராஹிம், பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை மீண்டும் ஒருமை, நூறுக்கும் ஒருமையே. இதை நான் விளக்கியபோது குழுத் தலைவி வியந்து, "இவ்வளவு விதியா?" என்று குறித்துக்கொண்டார். அதன்படி திருத்தினார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று, பத்து, பதினொன்று, தொண்ணூற்றொன்பது, நூறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரி என்று அடையாளமிட்டேன். பெருமையோடு ஊர் திரும்பினேன்.

ஆட்டம் வெளியாகி இரண்டு வாரம் கழித்து மாணவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான்கே வரிகள்: "இடம்: கடைவீதி, காசுப் பை. செய்தது: நூற்று மூன்று திர்ஹம் சேர்த்தல். கண்டது: ஒருமை. காண வேண்டியது: தராஹிம் என்ற பன்மை அல்லவா, ஹஜ்ரத்?"

ஆம். நூற்றைக் கடந்ததும் விதி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நூற்று மூன்று முதல் நூற்றுப் பத்து வரை பன்மையே வர வேண்டும். பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்! நூறோடு நின்றுவிட்டேன். எங்கோ ஓர் அரபு நாட்டுச் சிறுவன் நூற்று மூன்றாவது காசைச் சேர்த்து, பிழையான அரபைப் படித்திருக்கிறான். அதன் எதிரே சரி என்று அடையாளமிட்ட கை என்னுடையது.

உடனே அழைத்தேன். "தம்பி, அது நான் பார்த்துச் சரியென்று சொன்ன இடம். தவறு என்னுடையது" என்றேன்.

"படிவத்தில் அதற்கு இடமில்லையே, ஹஜ்ரத்" என்றார். அவர் சிரிப்பது கேட்டது. "அடுத்த திருத்தத்தில் சரியாகிவிடும். பழைய புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் போடுவார்களே, அதுபோலத்தான்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. 2004ஆம் ஆண்டில் அவருக்கு வயது பதினான்கு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ விளையாட்டுக் கடை ஒன்று இருந்தது. வகுப்புக்கு வராமல் அங்கே நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எல்லாப் பிள்ளைகளின் முன்னும் நிறுத்தி, இருபது அரபுச் சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்து, "பதினான்கு பிழை!" என்று உரக்கச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அன்று முதல் அவருக்குப் "பதினாலு" என்று பெயராயிற்று. அந்த மாதமே அவர் அரபு வகுப்பை விட்டு நின்றார். ஐந்து வாரம் அவர் வீட்டில் உண்டு, அவர் மாடியில் உறங்கியும் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

இப்போது சொன்னேன். மன்னித்துவிடுமாறு கேட்டேன்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வகுப்புக்கு வராதது என் தவறுதான், ஹஜ்ரத். அதற்காக நீங்கள் அடித்திருந்தாலும் மறந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு எத்தனை பிழை என்று மட்டும்தான் சொன்னீர்கள். எவை பிழை என்று சொல்லவில்லை. தாளையும் கிழித்துவிட்டீர்கள். அந்தப் பதினான்கு எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது."

வாசகர்களே, முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு இதைவிடத் தெளிவான ஓர் அறிக்கை கிடைக்குமா? இடம், செய்தது, கண்டது, காண வேண்டியது ஆகிய நான்கும் அதில் இருந்தன. ஏச்சு மட்டும் இல்லை.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த நாள் முதல் பிள்ளைகளின் குறிப்பேடுகளை வேறு விதமாகத் திருத்தி வருகிறேன். எண்ணிக்கையை மேலே சிவப்பில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிழைக்கும் அருகில், எழுதியது இது, எழுத வேண்டியது இது, விதி இந்தப் பாடத்தில் உள்ளது என்று எழுதுகிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. கண்ணும் வலிக்கிறது. சில நாள் பழைய கோபம் வந்துவிடுவதும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவனின் பழக்கம் ஐந்து வாரத்தில் மாறிவிடுமா? அப்போதெல்லாம் அந்தக் கட்டமில்லாத படிவத்தை நினைத்துக்கொள்கிறேன்.

வீடியோ விளையாட்டில் பொழுதைக் கழிப்பது நன்றா என்று கேட்பவர்களுக்கு என் விடை பழையதே: அளவோடு இருக்கட்டும், தொழுகையும் படிப்பும் கெடாதிருக்கட்டும். ஆனால் அவற்றைச் சோதிக்கும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று இனி எவரேனும் என்னிடம் சொன்னால் ஒப்ப மாட்டேன். பிறர் வழுக்கி விழும் முன் தாம் நூறுமுறை வழுக்கிப் பார்க்கும் தொழில் அது.

அடுத்த ஆண்டு பெருநாளுக்கு மாணவர் ஊருக்கு வந்தார். தொழுகை முடிந்து வீட்டில் இடியாப்பம் உண்ட பின், முன்னறையில் அமர்ந்து, "சொல்லுங்கள் ஹஜ்ரத், எழுதுகிறேன்" என்று தாளை எடுத்தார். நினைவில் இருந்தவரை அதே இருபது சொற்களைச் சொன்னேன். ஆறு பிழைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் அருகில் அமர்ந்து காட்டினேன். அவர் திருத்தி எழுதினார். பிறகு தாளின் ஓரத்தில் ஒரு வட்டமிட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்தேன்.